துலாவிலிருந்து சூரியப் பம்ப் வரை: வலிகாமத்து வெங்காயப் பாத்தி ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதியில் பரப்புக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். பங்கு இல்லாத காணிக்குத் தோட்டக் காணி விலை போகாது. ஆறு ஓடாத குடாநாட்டில் மண் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் தண்ணீர் வராவிட்டால் அது பனங்காணிதான். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தின் காலத்திலிருந்து இன்றுவரை இங்கே பயிர்ச்செய்கை என்றால், கிணற்றிலிருந்து தண்ணீரை எந்த வேகத்தில் வெளியே எடுக்கிறோம் என்ற கேள்விதான். கருவி மாறிய ஒவ்வொரு முறையும் பயிர் மாறியது, சந்தை மாறியது, கடைசியில் கிணற்றுத் தண்ணீரே மாறியது. நாலு பரப்புச் சின்ன வெங்காயத்தை அளவாக வைத்து அந்த மாற்றத்தை இங்கே கணக்குப் பார்க்கிறோம்.

எடுத்துக்கொண்ட நிலம்

குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உரும்பிராய், கோப்பாய், புத்தூர், சுன்னாகம் என்று நீளும் செம்மண் பட்டையில் பங்குக் கிணறு ஒன்று, அதில் இறைக்கும் நாலு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் இது கால் ஏக்கர், ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். செம்மண் தண்ணீரைச் சட்டென்று குடித்துச் சட்டென்று கீழே விட்டுவிடும். வெங்காய வேரோ ஒரு சாணுக்கு மேல் இறங்காது. ஆகவே நிறையவும் இறைக்க முடியாது, நாள் கடத்தவும் முடியாது. நாலு நாளைக்கு ஒரு இறைப்பு, ஒவ்வொன்றிலும் 25 மில்லிமீற்றர் உயரத் தண்ணீர், அறுபது நாள் பயிருக்கு 15 இறைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு இறைப்புக்கு 25,300 லீற்றர். போகம் முழுவதற்கும் ஏறத்தாழ 380 கன மீற்றர்.

வரவைப் பார்ப்போம். மழை ஆண்டுக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில், பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. கொட்டுவதெல்லாம் கீழே போவதில்லை. ஆவியாவதும் கடலேரிக்கு ஓடுவதும் போக ஐந்தில் ஒரு பங்கு இறங்குகிறது என்று எடுத்தால் 250 மில்லிமீற்றர். பயிருக்கு விட்டது 375. அதில் மூன்றில் ஒரு பங்கு வேரைத் தாண்டித் திரும்பவும் கிணற்றுக்கே போகிறது என்று கொண்டாலும் நிகரச் செலவு 250. ஒரே ஒரு வெங்காயப் போகம் தன் நிலத்தின் ஒரு வருட மழை வரவை முழுதாகத் தின்றுவிடுகிறது. அதே மண்ணில் இரண்டாம் போகமாக மிளகாயோ புகையிலையோ வைத்தால், அந்தத் தண்ணீர் அயல் வளவிலும் பனங்கூடலிலும் பெய்த மழை. பங்கு கிணற்றில் மட்டும் இல்லை, தண்ணீரைப் பிடித்திருக்கும் நிலத்தடிச் சுண்ணக்கற்படுகை முழுவதும் பங்குதான்.

கற்படுகைக்குக் கீழே உப்புத் தண்ணீர். நன்னீர் அதன் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நிற்கும் என்பது பௌதிகம். மேலே ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் காணலாம்: மேல் தண்ணீர் குடிக்கலாம், ஆழத்துத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இராமர் அம்பு எய்த கதையைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இந்த அடுக்கையும் விசாரித்துப் போனால் நல்லது.

துலா எண்ணிய காலம்

கிணற்றடியில் நட்ட ஆடுகாலில் ஏற்றம் போலப் பூட்டிய நீண்ட மரம் துலா. மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஆள். கிணற்றடியில் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை, அதாவது இறைக்கிற வாளியை, கவிழ்க்க ஒருவர். தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு தண்ணீர் மாற இன்னொருவர். மிதிக்கிறவர் எண்ணிக்கையைப் பாட்டாகவே சொல்லிக்கொண்டு போவார். பட்டை 25 லீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் எங்கள் நாலு பரப்புக்கு ஓர் இறைப்பு ஆயிரத்துப் பன்னிரண்டு பட்டை. நிமிடத்துக்கு மூன்று என்றால் ஐந்தரை மணித்தியாலத்துக்கும் சற்று மேல். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்போதுதான் முடியும்.

அந்தப் பாட்டுத்தான் அன்றைய மானி. எத்தனை பட்டை போனது என்று எல்லாருக்கும் தெரியும். பங்குக்காரருக்குள் முறை நாள் பிசகினால் வரும் சண்டைக்கும் அதுவே சாட்சி. தண்ணீர் மாறுகிறவர் ஒரு பாத்தி நிரம்ப விடாமல் முக்கால் நிலையிலேயே வாயை அடைத்து அடுத்ததை வெட்டுவார். மிச்சக் கால் வழிந்து தானாக நிரம்பும். மேலே மிதிக்கிறவரின் கால் நோவு இவருக்குத் தெரியும், ஆகவே ஒரு பட்டையும் வீணாகாது. சிக்கனம் குணத்தால் வந்ததென்று சொல்வது மிகை. உடம்பு நொந்ததால் வந்தது.

அந்த வேகத்தில் பெரும் பரப்பு செய்ய முடியாது. செய்த சிறு துண்டில் காசு வரும் பயிர் வேண்டும். அதற்குப் புகையிலை பொருந்தியது. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. 'மலையாளப் புகையிலை' என்ற பெயரே அந்தச் சந்தையால் வந்தது. உரத்துக்கு ஆட்டுப்பட்டி அடைப்பார்கள், பூவரசங்குழை தாழ்ப்பார்கள், கூரையிலிருந்து கழற்றிய பழைய பனையோலையைச் சாலில் புதைப்பார்கள். ஓலை செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மெல்ல உக்கும். சாப்பாட்டுக்கு நெல் வன்னியிலிருந்தோ கப்பலிலோ வந்தது. தன்னிறைவான பழைய கிராமம் என்று இப்போது பேசுவது கேட்க இனிமையாக இருக்கிறது. யாழ்ப்பாணத் தோட்டம் அப்போதே வெளிச் சந்தைக்காக இறைத்த தோட்டம்.

மெசின் வந்தது

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் பரவியது. இரண்டு அங்குல மெசினின் பெயர்த்தகடு மணிக்கு 30 கன மீற்றர் என்று சொன்னாலும், ஆறு மீற்றர் ஆழத்திலிருந்து இழுக்கும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிய காரியம். 12 என்று எடுப்போம். துலாவில் ஐந்தரை மணித்தியாலம் எடுத்த தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே போனதும் முடிகிறது. மூன்று பேருக்குப் பதில் ஒருவர் போதும், அவரும் பாதி நேரம் நிழலில்.

இழுவைப் பம்ப் ஏழு மீற்றருக்கு மேல் இழுக்காது. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கினால் மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தட்டுப் போட்டு வைப்பார்கள். அங்கேதான் ஆபத்து. கிணற்றுக்குள் புகை தேங்கும், காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மெசின் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் தலைசுற்றி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். மெசின் உள்ளே ஓடிய கிணற்றில் உடனே இறங்கக் கூடாது. குழாய் பூட்டிப் புகையை வெளியே எடுத்தாலும் கொஞ்ச நேரம் காற்றாட விடவேண்டும். மெசின் இழுக்கவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை எஞ்சினில் பிழை இல்லை: அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கும், அல்லது இழுகுழாய்ப் பூட்டில் காற்று நுழைந்திருக்கும். கழற்றுவதற்கு முன் பூட்டைச் சுற்றி ஈரக் களி அப்பிப் பாருங்கள். இழுத்தால் ஓட்டை அங்கேதான்.

1970க்குப் பின் வந்த அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியதும் மெசினுக்குப் பொற்காலம். படித்த பெடியளும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். மிளகாயில் வீடு கட்டியவர்கள் உண்டு. இரண்டு போகம் மூன்றாயிற்று, புகையிலை நின்ற தரையில் வெங்காயமும் கிழங்கும் ஏறின. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள், இறக்குமதி வந்து விலை விழுந்தது. ஆனால் கற்ற வேகம் குறையவில்லை. விலை குறைந்தால் ஈடு கட்ட இன்னும் கொஞ்சம் உரம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்றுதான் கை போனது.

இதே காலத்துப் பெருந்திட்டம் ஒன்றையும் சொல்லாமல் போக முடியாது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு': ஆனையிறவுக் கடலேரியை இரு பக்கமும் கடலிலிருந்து பிரித்து, கனகராயன் ஆற்று நீரால் நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை எழுந்தது. முழுத்திட்டம் இன்றுவரை முடியவில்லை. அது முடிந்திருந்தாலும் வலிகாமத்துத் தோட்டக்காரர் கிணற்றில்தான் இறைப்பார். கடலேரியில் நன்னீர் நின்றால் கற்படுகையில் உப்பு ஏறுவது குறையும் என்பதே அவருக்குக் கிடைக்கும் நன்மை.

திரும்பி வரும் தண்ணீர்

மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு, வேரைத் தாண்டிக் கிணற்றுக்குத் திரும்புகிற அந்த 125 மில்லிமீற்றர், வெறுங்கையோடு போவதில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுக்காத நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். செம்மண் அதைப் பிடித்து வைக்காது. ஒரு பரப்புக்குத் தேவைக்கு மேல் 5 கிலோ யூரியா போனதென்று வையுங்கள். அதில் 2.3 கிலோ நைதரசன், நைத்திரேற்றாக 10.2 கிலோ. குடிதண்ணீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த 10.2 கிலோ முழுதும் இறங்கினால் தூய தண்ணீர் 2 இலட்சம் லீற்றரை எல்லைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு சிறு பை உரம், ஒரு பரப்பு.

கொதிக்கவைத்தால் போய்விடும் என்பது தவறு. தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று மிஞ்சும், செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில்தான் அபாயம் கூட. குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து குழந்தை நீலம் பாரிக்கும்.

ஆய்வுகூட அறிக்கையை வாசிப்பதிலும் ஒரு பொறி உண்டு. சில அறிக்கைகள் 'நைத்திரேற்று' என்று தரும், சில 'நைத்திரேற்று நைதரசன்' என்று தரும். இரண்டாவதில் 20 என்று கண்டு, ஐம்பதுக்குக் கீழே என்று நிம்மதியாகக் குடிப்பவர் உண்மையில் ஏறத்தாழ 89ஐக் குடிக்கிறார். 4.43ஆல் பெருக்கினால்தான் கணக்குச் சரி. மாதிரி எடுக்கும் போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி, குளிரில் வைத்து அடுத்த நாளுக்குள் கொடுக்கவேண்டும். இரண்டு நாள் வெயிலில் இருந்த போத்தலின் முடிவை நம்பாதீர்கள்.

இதே அறிக்கை தோட்டத்துக்கும் காசு மிச்சம் பிடிக்கும், அதைச் செய்கிறவர்கள்தான் குறைவு. கிணற்றில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், ஒரு போகத்துக்கு விடும் 380 கன மீற்றரோடு 19 கிலோ நைத்திரேற்று பாத்திக்குப் போகிறது. யூரியாவாகப் பார்த்தால் 9.3 கிலோ. பரப்புக்கு 2.3 கிலோ யூரியாவை இலவசமாக இறைத்துக்கொண்டே, பையிலிருந்தும் முழு அளவைப் போடுகிறோம். பயிர் கடும் பச்சையாக நிற்கும், பார்க்க அழகு. பச்சைத் தாள் மென்மையாக இருக்கும், பச்சைப்புழு வந்து குழாய்த்தாளுக்குள் நுழையும், மழைத்தூறல் விழுந்தால் திருகல் நோய் பரவும், அறுத்த காய் தொங்கவிட்ட இடத்தில் அழுகும். தண்ணீரில் இருப்பதைக் கழித்து, கடைசி மேலுரத்தை விட்டுவிடுவதே சரி.

மூன்று முறை நின்ற மெசின்

முதல் முறை 1990இல் போரோடு தொடங்கிய பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயும் யூரியாவும் வரவில்லை. விளக்குக்கே எண்ணெயை எண்ணி ஊற்றிய நாட்களில் இறைப்புக்கு எங்கே போவது? பல தோட்டங்கள் ஒரு போகத்துக்குச் சுருங்கின. வலிகாமம் வடக்கு முழுதாக இடம்பெயர்ந்து, நல்ல செம்மண் பல பத்தாண்டுகள் பற்றை வளர்ந்து கிடந்தது.

இரண்டாம் முறை நின்றது உரம். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவெம்பரில் தடையை எடுத்தார்கள். கூட்டெரு போடுங்கள் என்றார்கள். கணக்கைப் பாருங்கள்: பரப்புக்கு 5 கிலோ யூரியா தரும் 2.3 கிலோ நைதரசனை, நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவிலிருந்து எடுக்கவேண்டும். அறுபது நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும் என்று கொண்டால் பரப்புக்கு 1,150 கிலோ. நாலு பரப்புக்கு 4,600 கிலோ. ஊருக்கு அவ்வளவு எரு எங்கே இருக்கிறது, மாடு எங்கே இருக்கிறது? கூட்டெரு தவறில்லை, வருடக் கணக்கில் மண்ணைக் கட்டியெழுப்ப அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. அறுபது நாள் வெங்காயத்துக்கு அதை யூரியாவின் இடத்தில் ஒரே போகத்தில் வைத்ததுதான் பிழை. மாரிக்கு முன் பசுந்தாட் பசளையாகச் சணல் விதைத்துப் பூக்கும் தறுவாயில் உழுதுவிட்டு, பாதி யூரியாவோடு தொடங்கியிருந்தால் கதை வேறு.

மூன்றாம் முறை 2022. முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் கிடைத்தபோது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. எங்கள் நாலு பரப்புக்கு மணிக்கு ஒரு லீற்றர் வீதம் ஒரு போகத்துக்கு 32 லீற்றர் என்றால், 2,784 ரூபாவாக இருந்த இறைப்புச் செலவு 10,880 ஆயிற்று. அப்போதுதான் பலர் மண்வாய்க்காலை மறுபடி உற்றுப் பார்த்தார்கள். கிணற்றடியில் மெசினைப் போட்ட நேரத்திலிருந்து கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை மணிக்கூட்டைப் பார்த்தால் போதும். பத்து நிமிடம் என்றால் 2,000 லீற்றர் வாய்க்கால் குடித்துவிட்டது. ஒவ்வொரு இறைப்பிலும். தட்டைக் குழாய் ஒரு சுருள் வாங்கி அந்த வாய்க்காலை மூடியவர்கள் அதே எண்ணெயில் இன்னொரு துண்டுக்கும் இறைத்தார்கள்.

இனி வரும் கருவி

சொட்டு நீர்ப்பாசனம் வெங்காயத்துக்குச் சுலபமாகப் பொருந்தாது. பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு காய் நடுகிற பயிர், குழாய் நெருக்கம் கட்டுபடியாகாது. மிளகாய், பப்பாசி, வாழை, முந்திரிகைக்கு (திராட்சைக்கு) நல்லது. அங்கும் சுண்ணக்கல் தண்ணீரின் வேலை நடக்கும்: கேத்தலில் படியும் அதே வெள்ளை, சொட்டியின் வாயை ஒரே பருவத்தில் அடைத்துவிடும். தட்டு வடிகட்டி கட்டாயம், போகத்துக்கு ஒரு முறை ஐதான அமிலம் விட்டுக் கழுவவேண்டும். பொசுபேற்று உரத்தை அந்தக் குழாயில் கரைத்து விடவே கூடாது, கல்சியத்தோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே கல்லாகும். அதை நடுகைக்கு முன் மண்ணில் போட்டுவிடுங்கள்.

வெங்காயத்துக்குத் தூவல் பொருந்தும். மாலையில் தூவினால் இராமுழுக்கத் தாள் நனைந்து நின்று ஊதா அழுகல் வரும். விடியத் தூவி, ஒன்பது மணிக்குள் தாள் காய விடவேண்டும். அறுவடைக்கு ஒரு கிழமைக்கு முன் தூவலும் இல்லை, இறைப்பும் இல்லை. கழுத்துக் காயாத வெங்காயத்தைப் பிடி கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மாதம் நிற்காது. நிற்காவிட்டால் விதைக்கும் ஆகாது, ஏனென்றால் புதுக்காய் உறக்கம் கலையாமல் சீராக முளைக்காது. பரப்புக்கு 25 முதல் 38 கிலோ விதைக்காயை அடுத்த போகத்தில் காசுக்கு வாங்கவேண்டி வரும். அறுத்த கையோடு விற்க ஓடுகிறவர் எடைக்கழிவுக்கும் வர்த்தமானியில் ஏறி இறங்கும் இறக்குமதி வரிக்கும் தலைகுனிவார். கடைசி மூன்று இறைப்பின் அளவுதான் சந்தையில் அவர் எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

சூரியப் பம்பைப் பற்றித்தான் கவலை. துலாவுக்குக் கால் நொந்தது, மெசினுக்குப் பை நொந்தது. சூரியத் தகட்டுக்கு ஒன்றும் நோவதில்லை. ஆழ்பம்ப்பாக இறக்கினால் ஏழு மீற்றர் எல்லையும் இல்லை. வெயில் உள்ள நாளெல்லாம் ஓடும், அதிகம் ஓடுவதோ நீர்மட்டம் மிகக் கீழே நிற்கும் ஆவணியில். மானியத்தில் தகடு கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு தண்ணீர் மானியும் கொடுக்கவேண்டும், அது இல்லாமல் கொடுப்பது உப்பைக் கூப்பிடுவது. வெங்காயம் உப்புக்கு மிகவும் நலிந்த பயிர்: உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும். பீற்றூட் 4 வரை தாங்கும். தோட்டத்தில் வெங்காயம் சிறுத்து, பக்கத்தில் பீற்றூட் மட்டும் செழித்தால் உரக்கடைக்குப் போகாமல் கிணற்றைப் பாருங்கள்.

பங்குக் கிணற்றுக்குச் சூரியப் பம்ப் பூட்டுவதென்றால் செய்யவேண்டியது இவ்வளவு. பம்பை அடியில் இறக்காமல், ஆவணி நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே நிறுத்துங்கள். நீர் அதற்குக் கீழே போனால் தானாக நிற்கும் மிதவை ஆளி பூட்டுங்கள். நேரே பாத்திக்கு விடாமல் தொட்டிக்கு ஏற்றுங்கள். நாலு பரப்புக்காரரின் முறைக்கு 25,000 லீற்றர் என்று தொட்டி நிரப்புவதை எண்ணினால் மணித்தியாலச் சண்டை இல்லை. கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றைப் பங்குக்காரர் சேர்ந்து வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அதிகாலையில், பம்ப் ஓட முன்பு அளந்து, கிணற்றுக்கட்டில் தீந்தையால் திகதியோடு எழுதுங்கள். முடிச்சுப் போட்ட கயிற்றில் நீர்மட்டமும் பக்கத்தில். தண்ணீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமனைத் தொட்டால் அடுத்த போகம் வெங்காயம் வேண்டாம், சணல் விதைத்துவிட்டு மாரியைப் பாருங்கள்.